விளக்கக் கட்டுரை எழுதப் பிள்ளையை எப்படிப் பழக்குவது?

நீங்கள் கேட்டது இதுதான்: மகள் தரம் 10, தமிழில் நல்ல பிள்ளை, கவிதைகூட எழுதுவாள், ஆனால் விளக்கக் கட்டுரை என்று வந்தால் மட்டும் புள்ளி குறைகிறது, "சொல்வளம் உண்டு, விளக்கம் போதாது" என்று ஆசிரியர் சிவப்புப் பேனையால் எழுதி அனுப்புகிறார், வீட்டில் எப்படிப் பழக்குவது? கூடவே திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றி அவள் எழுதிய கட்டுரையையும் அனுப்பியிருந்தீர்கள். முழுவதும் வாசித்தேன். பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைக்கு மொழியில் குறை இல்லை. யாருக்குச் சொல்கிறேன், அந்த ஆளுக்கு என்ன தெரியவேண்டும் என்ற இரண்டையும் யோசிக்காமல் பேனையை எடுத்திருக்கிறாள், அவ்வளவுதான். "இந்து சமுத்திரத்தின் முத்து", "இயற்கை அன்னை அள்ளித் தந்த கொடை", "உலகமே வியந்து நோக்கும் துறைமுகம்" என்று ஒரு பக்கம் அழகாகப் போகிறது. சரி, உலகம் ஏன் வியக்கிறது? அதை எந்த இடத்திலும் சொல்லவில்லை. ஆசிரியர் கேட்பது அதைத்தான். உள்துறைமுகத்தைச் சுற்றி நிலமும் குன்றுகளும் மறைப்பாக நிற்பதால் எந்தப் பருவக்காற்றிலும் உள்ளே தண்ணீர் அமைதியாக இருக்கும், கரைக்குப் பக்கத்திலேயே நல்ல ஆழம் இருப்பதால் பெரிய கப்பலும் நெருங்கி வரலாம் என்று இரண்டு வரி எழுதியிருந்தால், அந்த "முத்து" என்ற சொல் தேவையே இல்லாமல் போயிருக்கும்.

அதே கட்டுரையில் "1782இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இதற்காகப் போரிட்டனர்" என்று ஒரு வரி வருகிறது. தகவல் சரி. அந்த வருடம் ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தார்கள், ஆகஸ்டில் ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள். ஆனால் அவள் அதைத் தனியே ஒரு மூலையில் வைத்துவிட்டாள். பாய்க்கப்பல் காலத்தில் வாடைக்காற்று, அதாவது வடகீழ்ப் பருவக்காற்று, தொடங்கினால், சென்னைப் பக்கக் கடற்கரையில் ஒரு கடற்படை ஒதுங்கி நிற்கப் பாதுகாப்பான இடம் கிடையாது, திருகோணமலை ஒன்றுதான் அருகில் இருந்தது, ஆகவே இந்தியாவின் கிழக்குக் கரையில் ஆதிக்கம் வேண்டியவனுக்கு இந்தத் துறைமுகம் வேண்டியிருந்தது. இதைச் சேர்த்துப் பாருங்கள், அந்த 1782 கட்டுரைக்குள் வந்து வேலை செய்யத் தொடங்கிவிடும். ஒரு தகவலைப் போடுவதற்கும் அதைக்கொண்டு விளக்குவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான், மகளுக்கு முதலில் இதைக் காட்டிவிடுங்கள், மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

அடுத்தது, எந்த வகைக் கட்டுரை கேட்கிறார்கள் என்று தெரியவேண்டும். திருகோணமலைக்குப் பக்கத்தில் உள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகளை எடுப்போம், எல்லாப் பிள்ளைகளும் போன இடம். அங்கே காலையில் போய்ச் சதுரக் கிணறு ஏழிலும் மாறி மாறி அள்ளிக் குளித்ததை எழுதினால் அது அனுபவக் கட்டுரை. அந்த இடம் எப்படித் தெரிகிறது, ஆவி எப்படி எழும்புகிறது, அந்தியேட்டி என்ற ஈமக்கிரியைக்கு வந்தவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று எழுதினால் வருணனை. அதை யார், எப்படிப் பராமரிக்கவேண்டும் என்று வாதாடினால் தர்க்கக் கட்டுரை. எரிமலையே இல்லாத நாட்டில் நிலத்துக்குள்ளிருந்து சுடுதண்ணீர் எப்படி வருகிறது என்று ஒருவருக்குப் புரியவைத்தால் அதுதான் விளக்கக் கட்டுரை. மழைத் தண்ணீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழமாக இறங்குகிறது, நிலத்துக்குள் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் பொதுவாக 25 தொடக்கம் 30 பாகை செல்சியஸ் வரை வெப்பம் கூடும், அங்கே சூடாகிய தண்ணீர் வேறு வெடிப்பு வழியாக மேலே வருகிறது, வரும் வழியில் எவ்வளவு ஆறுகிறது, மேல்நிலத் தண்ணீர் எவ்வளவு கலக்கிறது என்பதைப் பொறுத்துச் சூடு கூடும், குறையும். இவ்வளவும் சொன்னால் போதும். தன் தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் உண்டாக்கிய ஊற்று என்ற கதையையும் எழுதலாம், தாராளமாக எழுதலாம், "ஐதீகம்" என்று சொல்லி எழுதவேண்டும். நம்பிக்கையை நம்பிக்கையாகவும் நிலவியலை நிலவியலாகவும் வைத்தால் இரண்டுக்கும் மரியாதை, வாசிப்பவரும் குழம்பமாட்டார்.

இனி எழுதும் வேலைக்கு வருவோம். தலைப்பைக் கேள்வியாக மாற்றச் சொல்லுங்கள். "காற்று" என்று ஒரு தலைப்பு கொடுத்தால் பிள்ளை காற்றின் பயன், காற்று மாசு, காற்றாலை, புயல் என்று எல்லாவற்றிலும் ஒவ்வொரு வரி எழுதிவிட்டு வந்துவிடும். "வைகாசிக்குப் பிறகு திருகோணமலையில் கச்சான் காற்று ஏன் இவ்வளவு சூடாக வீசுகிறது?" என்று கேட்டால் எழுத ஒரு வழி கிடைக்கும் (கச்சான் என்பது எங்கள் பக்கம் வந்து சேரும் தென்மேல் பருவக்காற்று). ஏன், எப்படி என்ற இரண்டில் ஒன்று கேள்வியில் இருக்கட்டும். "என்ன" என்று தொடங்கும் கேள்விகள் பெரும்பாலும் பட்டியலில் போய் முடியும். பரீட்சையில் தலைப்பை மாற்ற முடியாதே என்று நினைப்பீர்கள். மேலே அவர்கள் கொடுத்த தலைப்பு அப்படியே இருக்கும், அதற்குக் கீழே தன் மனதில் ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு எழுதுவதை யாரும் தடுக்கப்போவதில்லை.

கேள்வி வந்தவுடன் எழுத விடாதீர்கள். முதலில் வாயால் சொல்லச் சொல்லுங்கள். வீட்டில் தம்பி தங்கச்சி யாராவது இருந்தால் அவர்களுக்கு, இல்லாவிட்டால் உங்களுக்கு, அம்மம்மா இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் அம்மம்மாமார் புரியாவிட்டால் புரிந்தமாதிரி தலையாட்டுவதில்லை, "எனக்கு விளங்கேல்ல பிள்ளை" என்று நேரே சொல்லிவிடுவார்கள். கேட்பவர் எந்த இடத்தில் குறுக்கே கேள்வி கேட்கிறாரோ அந்தக் கேள்வியை ஒரு கொப்பியில் அப்படியே எழுதவேண்டும். கச்சானைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் என்ன கேட்பார்கள்? கடலைத் தாண்டி வருகிற காற்று குளிராக அல்லவா இருக்கவேண்டும்? கொழும்பில் அதே மாதம் மழை கொட்டுகிறதே, அதே காற்று இங்கே வரும்போது ஏன் காய்கிறது? மலைக்கும் காற்றின் சூட்டுக்கும் என்ன சம்பந்தம்? பிறகு எங்களுக்கு மழை எப்போது, எங்கிருந்து? இந்த நாலு கேள்வியும்தான் கட்டுரையின் நாலு பந்தி. கேட்ட ஒழுங்கிலேயே பதில் சொன்னால் பாதி வேலை முடிந்தது. "குறிப்புச் சட்டகம் போடு" என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்களே, அதை வெறும் தாளைப் பார்த்துக்கொண்டு போட முடியாது, எதிரே ஒரு ஆள் வேண்டும்.

மூன்றாவது கேள்விக்கான பந்தியை நானே எழுதிக் காட்டுகிறேன். முதலில் பிள்ளைகள் வழக்கமாக எழுதுவது மாதிரி:

"தென்மேல் பருவக்காற்று மலைநாட்டில் மோதி மழையைத் தருகின்றது. இதனால் கிழக்கு மாகாணம் வறட்சியான காற்றைப் பெறுகின்றது. இது கச்சான் காற்று என அழைக்கப்படுகின்றது. இக்காற்று மிகவும் வெப்பமானது. இதனால் மக்கள் பெரிதும் பாதிக்கப்படுகின்றனர்."

பிழை என்று ஒரு வரியையும் காட்ட முடியாது. ஆனால் காற்று ஏன் சூடானது என்று இதை வாசித்து யாருக்காவது தெரிந்ததா? "இதனால்" இரண்டு தடவை வருகிறது, அந்த இரண்டு இடத்திலும் ஒரு படியைத் தாண்டிக் குதித்திருக்கிறாள். இனி இதைப் பாருங்கள்:

"வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை, கடலைக் கடந்து ஈரத்தோடு வருகிற தென்மேல் பருவக்காற்றுக்குக் குறுக்கே மலைநாடு நிற்கிறது. அங்கே உயர்ந்த சிகரமான பீதுருதாலகால 2,524 மீற்றர். காற்று மலைச்சரிவில் ஏற ஏறக் குளிர்கிறது. குளிர்ந்த காற்றில் நீராவி அவ்வளவாக நிற்காது, நீராக மாறி மேற்குச் சரிவில் மழையாக விழுந்துவிடுகிறது. நீராவி நீராக மாறும்போது வெப்பம் வெளியே வருவதால், அந்தக் காற்று ஆயிரம் மீற்றர் ஏற 5, 6 பாகை அளவுதான் குளிர்கிறது. மலையைத் தாண்டியபின் நிலைமை மாறுகிறது. ஈரத்தை இழந்த காற்று கீழே இறங்கும்போது, மேலே இருக்கிற காற்றின் அமுக்கத்தால் நெருக்கப்பட்டுச் சூடாகிறது. சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பின் அடிப்பக்கம் சுடுவது இதே காரணத்தால்தான். ஈரமில்லாத காற்று ஆயிரம் மீற்றர் இறங்க ஏறத்தாழ 10 பாகை சூடாகும். ஏறும்போது குறைவாகக் குளிர்ந்து, இறங்கும்போது கூடுதலாகச் சூடாவதால், திருகோணமலைக்கு வந்து சேரும் காற்று மேற்குக் கரையில் கால் வைத்தபோது இருந்ததைவிடச் சூடாகவும் வறண்டும் இருக்கிறது."

இரண்டாவது நீளம்தான், ஆனால் ஒரு வாக்கியத்தை எடுத்தால் அடுத்தது விழுந்துவிடும். அதுதான் நான் பார்க்கிற சோதனை. பிள்ளை எழுதிய பந்தியில் இரண்டு வாக்கியங்களை இடம் மாற்றி வைத்து வாசியுங்கள், எதுவுமே கெடாவிட்டால் அங்கே விளக்கம் ஓடவில்லை, வாக்கியங்கள் பக்கத்தில் பக்கத்தில் சும்மா நிற்கின்றன என்று அர்த்தம். "ஆகவே", "எனவே", "இதனால்" எல்லாவற்றையும் பென்சிலால் வட்டம் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் முன்னால் உண்மையாகவே காரணம் இருக்கிறதா? இல்லாவிட்டால் அந்தச் சொல்லை எடுக்கவேண்டியதில்லை, காரணத்தைத் தேடிக்கொண்டு வந்து வைக்கவேண்டும்.

எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேலே 2,524, 5, 6, 10 என்று நாலு எண் போட்டேன். முதலாவது மலை எவ்வளவு உயரம் என்று காட்டுகிறது, மற்ற மூன்றும்தான் விளக்கத்தையே தாங்குகின்றன, அவை இல்லாவிட்டால் "சூடாகிறது" என்பதை வாசிப்பவர் நம்பத்தான் வேண்டும், தானே கணக்குப் பார்க்க முடியாது. திருகோணமலை மாவட்டத்தின் பரப்பளவு, சனத்தொகை எல்லாம் பிள்ளைக்குப் பாடமாக இருக்கலாம், இந்தக் கட்டுரைக்கு வேண்டாம். பாடமாக்கியதை எல்லாம் கொட்டவேண்டும் என்ற ஆசையை அடக்குவது பதினைந்து வயதில் கஷ்டம்தான், கொஞ்சம் பொறுமையாகச் சொல்லுங்கள். உறுதியில்லாத எண்ணைப் போடவே வேண்டாம், அதற்குப் பதில் "மிக அதிகம்" என்றும் எழுதவேண்டாம், புவியியல் பாடநூலைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், அதில் பெரும்பாலானவை இருக்கும். மற்றதைக் கடலோடு தொழில் செய்பவர்களிடம் கேட்கலாம். சிலாபம், நீர்கொழும்புப் பக்க மீனவர்கள் அங்கே கடல் கொந்தளிக்கிற மாதங்களில் ஏன் இங்கே வந்து வாடி (கரையில் தற்காலிகக் குடிசை) போடுகிறார்கள் என்று கேட்டால், பருவக்காற்றைப் பற்றி அவர்கள் சொல்கிற விளக்கம் எந்தப் புத்தகத்துக்கும் குறையாது.

எழுதி முடித்தபின் திருத்துவதற்கு நான் பிள்ளைகளுக்குக் கொடுப்பது நன்னூல். பயப்படவேண்டாம், முழு நூலும் இல்லை. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய அந்த நூலின் பாயிரத்தில், ஒரு நூலுக்கு வரக்கூடாத குற்றம் பத்து என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பத்தும் நேற்று ஒரு கட்டுரைக் கொப்பியைத் திருத்திவிட்டு எழுதினதுபோல இருக்கும். குன்றக் கூறல்: தேவையானதில் ஒரு பகுதியை விட்டுவிடுவது, மேலே காட்டிய முதல் பந்தியின் நோய் இது. கூறியது கூறல்: ஒரே கருத்தை வேறு சொல்லில் மறுபடி எழுதுவது, பக்கம் நிரப்பும் வழி. மற்றொன்று விரித்தல்: கச்சானைப் பற்றித் தொடங்கி, கோணேசர் கோயிலுக்குப் போய், 1942 ஏப்ரலில் ஜப்பானியர் போட்ட குண்டுக்குப் போய், எண்ணெய்க் குதங்களில் நிற்பது. ஊர்ப் பாசம் உள்ள பிள்ளைகளுக்கு இது நிறைய வரும், பாசம் நல்லது, அந்த விஷயங்களுக்குத் தனித்தனியே கட்டுரை எழுதட்டும். சென்று தேய்ந்திறுதல்: முன்னுரை முரசு கொட்டித் தொடங்கி, கடைசிப் பந்தி இரண்டு வரியில் மெலிந்து போவது. மற்ற ஆறையும் மகளே தேடிப் பார்க்கட்டும், பத்து அழகும் அங்கேயே பக்கத்தில் இருக்கிறது, அதில் "முறையின் வைப்பு" என்பதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு நாளில் ஒரு குற்றத்தை மட்டும் தேடவேண்டும். பத்தையும் ஒரே நேரத்தில் தேடினால் பிள்ளை எழுதுவதையே வெறுத்துவிடும்.

முன்னுரையைக் கடைசியாக எழுதச் சொல்லுங்கள். நிறையப் பிள்ளைகள் முன்னுரையிலேயே அரை மணித்தியாலம் உட்கார்ந்திருக்கிறார்கள், என்ன சொல்லப்போகிறோம் என்று தெரியாமல் அதற்கு எப்படிக் கதவு வைப்பது? நடுப் பந்திகள் முடிந்தபின் முன்னுரைக்கு வேண்டியது கொஞ்சம்தான்: வாசிப்பவருக்குத் தெரிந்த ஒரு நிலைமை, அதில் விளங்காத ஒரு இடம், அதை இனிப் பார்க்கப்போகிறோம் என்ற குறிப்பு. "கொழும்பில் குடை பிடிக்கிற மாதத்தில் நிலாவெளியில் வெள்ளைக்காரர் கடலில் குளிக்கிறார்கள், ஒரே காற்று ஒரே தீவில் இரண்டு விதமாக நடந்துகொள்வது ஏன்?" என்று தொடங்கினால் போதும். பரீட்சையில் மட்டும் மேலே கொஞ்ச வரி இடம் விட்டுவிட்டுத் தொடங்கலாம், அல்லது கேள்வியை முதலில் யோசித்து முடித்திருந்தால் நேரேயே எழுதலாம். குறளோ பழமொழியோ வைத்துத் தொடங்கவேண்டும் என்று சிலர் கட்டாயப்படுத்துவார்கள். விஷயத்தோடு ஒட்டினால் வைக்கலாம், ஒட்டாத குறளை ஒட்டவைக்கப் பிள்ளை படும் பாட்டில் ஒரு முழுப் பந்தி எழுதிவிடலாம்.

முடிவுரையில் "இவ்வாறாக" என்று சொல்லி முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்வது வழக்கமாகிவிட்டது. எனக்கு அது பிடிப்பதில்லை. விளக்கம் விளங்கிவிட்டால் அதைக்கொண்டு இன்னொன்றும் விளங்கவேண்டும், முடிவுரையில் அதை எழுதலாம். கச்சான் மலையில் ஈரத்தை இழந்து வருகிறது என்று தெரிந்துவிட்டால், வருடத்தில் 1,600 மில்லிமீற்றர் அளவில் மழை பெறுகிற திருகோணமலைக்கு அதில் பெரும் பங்கு ஐப்பசி தொடக்கம் தை வரை ஏன் வருகிறது என்பதும் விளங்கும், அப்போது வங்காள விரிகுடாப் பக்கத்திலிருந்து வருகிற வாடைக்காற்றுக்குக் குறுக்கே எங்களுக்கு முன்னால் மலை இல்லை. பெரும்போகத்தை அந்த மழையை நம்பி விதைப்பதும், கந்தளாய் மாதிரிக் குளங்களில் தண்ணீரைத் தேக்கிவைத்துச் சிறுபோகம் செய்வதும் ஏன் என்று அங்கிருந்து ஒரே எட்டில் போய்விடலாம். அப்படி ஒரு இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் கட்டுரை முடிந்ததாக வாசிப்பவருக்கே தெரியும்.

எதை வைத்துப் பழகுவது என்றும் கேட்டிருந்தீர்கள். "இணையத்தின் நன்மை தீமைகள்" மாதிரித் தலைப்புகளைக் கொஞ்ச நாளைக்கு விட்டுவிடுங்கள். கண்ணால் பார்த்து, கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய, நடந்துகொண்டிருக்கிற ஒரு வேலையை எடுங்கள். எருமைப்பால் சட்டியில் எப்படித் தயிராகிறது, மண்சட்டியில் உறைந்த தயிர் ஏன் இறுக்கமாக வருகிறது? கருவாட்டுக்கு உப்புப் போடுவது ஏன், அந்த உப்பு மீனுக்குள் என்ன செய்கிறது? குளம் நிரம்பி மேலதிகத் தண்ணீர் வழிந்தோடும் வழியான வான் எப்போது பாய்கிறது, வான் இல்லாத அணைக்கட்டுக்கு என்ன நடக்கும்? கந்தளாய் அணை 1986 ஏப்ரல் 20இல் உடைந்ததை வீட்டில் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மண் அணைக்குள் தண்ணீர் கசிவது ஏன் ஆபத்து என்று ஒரு பிள்ளை தெளிவாக எழுதிவிட்டால், சாதாரண தரப் பரீட்சைத் தலைப்பு எதைக் கண்டும் அது பயப்படாது. முழுக் கட்டுரை தேவையில்லை, கிழமைக்கு ஒரு பந்தி, ஒரே ஒரு "ஏன்". அந்த ஒரு பந்தியை மூன்று தரம் திருத்தி எழுதுவது, மூன்று புதுக் கட்டுரை எழுதுவதைவிட நிறையக் கற்றுக்கொடுக்கும்.

நீங்கள் திருத்தும்போது தயவுசெய்து எழுத்துப்பிழையில் தொடங்காதீர்கள். லகர, ளகர, ழகரத்தையும் ஒற்று மிகுந்ததா என்பதையும் கடைசித் தடவைக்கு வையுங்கள். முதல் தடவை பேனையே எடுக்காமல் சத்தமாக வாசியுங்கள், அவள் பக்கத்தில் இருந்து கேட்கட்டும். எந்த வரியில் நீங்கள் நின்று திரும்ப வாசித்தீர்களோ அங்கே ஓரத்தில் ஒரு கோடு மட்டும் போடுங்கள், என்ன பிழை என்று சொல்லவேண்டாம். "இந்த இடத்தில் எனக்கு விளங்கவில்லை, வாயால் சொல்லு" என்று கேளுங்கள். அவள் சொல்லுவாள், எழுதினதைவிட நன்றாகவே சொல்லுவாள். சொன்னதை அப்படியே அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.